நினைவுக் கொடையின் கடன்

இறந்தோர் பெயரால் அறஞ் செய்தல் எல்லா நாட்டினரிடத்தும் எல்லாச் சமயத்தாரிடத்தும் காணப்படும் வழக்கமாகும். தந்தை மறைந்த பின் மகன் ஒரு நிதியை நிறுவுகிறான். மனைவியை இழந்தவன் ஒரு மண்டபத்தைக் கட்டுவிக்கிறான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தன் நகையை விற்றுப் பள்ளிக்கு நூல்கள் வாங்கித் தருகிறாள். இச்செயல்களை நாம் போற்றுகிறோம். போற்றுவதோடு நின்றுவிடாமல் ஒரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். அக்கொடை யாருக்குச் செய்யப்படுகிறது? இறந்தவரோ பெற்றுக்கொள்ள இயலாதவர். கொடுப்பவருக்கோ பெயர் கிடைக்கிறது. அப்படியாயின் இது கொடையா, அன்றிக் கொடையின் உடை தரித்த புகழ் வேட்கையா?

இக்கேள்வியை ஆராய, யூத சமூகத்தாரின் ஜெபாலயங்களையும் அவற்றைத் தாங்கி நிற்கும் தரும நிதிகளையும் நினைவு நிதிகளையும் எடுத்துக்கொள்வோம். இதற்குக் காரணம் இரண்டு. எத்தனையோ நாடுகளில் அரசின் துணையின்றி, பல வேளைகளில் அரசின் பகைக்கிடையே, தம்மவர் கொடையை மட்டுமே நம்பி வாழ்ந்த சமூகம் அது. ஆதலால் கொடுத்தலைப் பற்றியும் பெறுதலைப் பற்றியும் நுணுகி நுணுகிச் சட்டம் வகுத்திருக்கிறது. அன்றியும், பம்பாயிலும் புனாவிலும் கல்கத்தாவிலும் அச்சமூகத்தார் எழுப்பிய நினைவுக் கட்டடங்கள் நம் கண்முன் நிற்கின்றன. அவற்றைக் கடந்து செல்லும் நாம், அவை சொல்லும் பாடத்தையும் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தருமத்துக்கு எபிரேய மொழியில் வழங்கும் சொல் ‘செதாக்கா’ என்பது. நீதி என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. இரக்கம், கருணை, தயவு என்பன அதன் முதற்பொருள் அல்ல. வயலை அறுப்பவன் அதன் ஓரத்தை அறுக்காமல் விடவேண்டும். சிந்திய கதிரைப் பொறுக்கலாகாது. மறந்து விட்ட கட்டை எடுக்கத் திரும்பிச் செல்லலாகாது. அவை எளியவனுக்கும் அந்நியனுக்கும் விதவைக்கும் அநாதைக்கும் உரியவை என்று லேவியராகமமும் உபாகமமும் விதிக்கின்றன. ஓரத்தின் அளவு அறுபதில் ஒரு பங்குக்குக் குறையலாகாதென்று மிஷ்னா வரையறுக்கிறது. இதன் கருத்து யாது? வயலின் ஓரம் உழவனுடையதாக இருந்து பின்னர் ஏழைக்கு அளிக்கப்பட்டதன்று. தொடக்கத்திலிருந்தே அது ஏழையினுடையது. அதை விட்டுக் கொடுப்பவன் வள்ளலாக மாட்டான், விடாதவன் திருடனாவான். தருமத்தை உண்டு வாழும் ஏழையும் தன் பங்குக்குத் தருமம் செய்யவேண்டும் என்று தால்முத் கூறுவதும் இக்கருத்தின் தொடர்ச்சியே. கொடுக்கும் கடமை செல்வனுக்கு மட்டும் உரியதென்றால், கொடுக்கும் பெருமையும் அவனுக்கே உரியதாகிவிடும் அல்லவா? அதே சமயத்தில், ஒருவன் தன் பொருளில் ஐந்திலொன்றுக்கு மேல் கொடுத்துத் தானே பிறர் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு வரலாகாதென்றும் அவர்கள் எல்லை கட்டினர்.

அடுத்து, நிதியை நடத்தும் முறையைக் காண்போம். பண்டைக் காலத்து யூத ஊர்களில் ‘குப்பா’ என்னும் வார நிதி ஒன்று இருந்தது. அதை வசூலிக்க இருவர் செல்லவேண்டும். பகிர்ந்தளிக்க மூவர் வேண்டும். வசூலிப்போர் கடைத்தெருவில் ஒருவரைவிட்டு ஒருவர் பிரியலாகாது. வழியில் காசு ஒன்றைக் கண்டெடுத்தாலும் அதைத் தம் மடியில் போடாமல் தருமப் பையிலேயே போட்டு, வீட்டுக்குச் சென்ற பின்னரே எடுத்துக்கொள்ளலாம். ஏழைகளின் சில்லறை நாணயத்தை மாற்ற நேர்ந்தால் தம் பணத்தோடு மாற்றிக்கொள்ளலாகாது, பிறரிடம்தான் மாற்றவேண்டும். காசை இரண்டிரண்டாக எண்ணாமல் ஒவ்வொன்றாக எண்ணவேண்டும். இவ்வளவும் தால்முத்தில் உள்ளவை. அந்நாளைய தருமகர்த்தர்கள் கள்வர்கள் என்பதனால் இவ்விதிகள் எழவில்லை. தூயவனாக இருந்தால் மட்டும் போதாது, பார்ப்போர் மனத்தில் ஐயம் எழாதவாறும் நடந்துகொள்ள வேண்டும் என்பதனால் எழுந்தன. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் பழமொழி. தருமப் பெட்டியிலிருந்து எடுப்பவனும் அளந்தே எடுக்கவேண்டும் என்பதை அதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஹனானியா பென் தெராதியோன் என்னும் அறிஞரைப் பற்றித் தால்முத் ஒரு செய்தி கூறுகிறது. பூரிம் திருநாளுக்கென வைத்திருந்த பணம் தரும நிதிப் பணத்தோடு கலந்துவிட்டது. அவர் எல்லாவற்றையும் ஏழைகளுக்கே பகிர்ந்தளித்துவிட்டார். ஆயிரம் ஆண்டுகள் கடந்து, எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ் என்னும் பேரறிஞர் (இறப்பு 1204), பொறுப்பாளர் ஹனானியாவைப் போன்ற நம்பிக்கைக்குரியவராக இருந்தாலன்றித் தரும நிதியில் பணம் போடலாகாதென்று எழுதினார். கொடுப்பவன் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டால் அவன் கடமை தீர்ந்துவிடாது என்பது இதனால் விளங்கும்.

இனி நினைவுக் கொடைக்கு வருவோம். 1096ஆம் ஆண்டில் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டத்தார் ரைன் நதிக்கரை நகரங்களில் யூதர்களைக் கூட்டங் கூட்டமாகக் கொன்றனர். வோர்ம்ஸ், மைன்ஸ் முதலிய ஊர்களில் குடும்பங்கள் பல வேரோடு அழிந்தன. இறந்தோருக்காக நினைவு கூர ஒரு பிள்ளையும் எஞ்சவில்லை என்னும் நிலையில், ஊரே அவர்கட்குப் பிள்ளையாயிற்று. கொல்லப்பட்டோர் பெயர்களை ஏடுகளில் எழுதி வைத்து ஜெபாலயத்தில் வாசிக்கும் வழக்கம் வேரூன்றியது. சமூகத்துக்குக் கொடையளித்தோர் பெயர்களும் அவ்வேடுகளில் இடம்பெற்றன. ஐரோப்பிய யூதரிடையே ‘யிஸ்கோர்’ என்னும் நினைவு வழிபாடு ஆண்டுக்கு நான்கு முறை நடைபெறுகிறது. அதில் இறந்தவர் பெயரைச் சொல்பவர், அவர் பொருட்டுத் தருமம் செய்வதாகவும் உறுதி கூறுகிறார். இறந்த நாள் வரும்போது வீட்டில் ஒரு நாள் முழுதும் எரியும் விளக்கை ஏற்றுகின்றனர். மேனாட்டு ஜெபாலயங்கள் பலவற்றில் சுவரில் பெயர்ப் பலகைகள் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கருகிலும் ஒரு சிறு மின்விளக்கு இருக்கும். அவருடைய நினைவு நாள் வரும்போது அது எரியும். அப்பெயர்களுக்காகக் கொடுக்கப்பட்ட பணமோ கூரையைச் செப்பனிடவும், பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கவும், நோயுற்றோரைப் பேணவும் செலவாகிறது.

இங்குக் கருத்து மிகத் தெளிவாக உள்ளது. இறந்தவர் இனி ஒரு நற்செயலும் செய்ய இயலாது. அவர் செய்யாது விட்டதை, அல்லது செய்துகொண்டிருந்ததை, இருப்பவர் ஏற்றுச் செய்கிறார். ஆகவே நினைவுக் கொடை இறந்தவருக்கு அளிக்கும் பரிசன்று. இருப்பவர் தம் தோளில் ஏற்றிக்கொள்ளும் கடன் அது.

அங்ஙனமாயின், பெயரைப் பொறிக்கலாமா? மைமோனிடிஸ் தருமத்தை எட்டுப் படிகளாக வகுத்தார். மனமின்றிக் கொடுப்பது கடைப்படி. கேட்ட பின் கொடுப்பது அதற்கு மேல். கேளாமுன் கொடுப்பது இன்னும் மேல். கொடுப்பவனும் பெறுபவனும் ஒருவரையொருவர் அறியாத கொடை அவற்றினும் உயர்ந்தது. எருசலேம் ஆலயத்தில் முன்னாளில் இதற்கென ஓர் அறை இருந்தது. உள்ளவர் அங்கு மறைவாக வைத்துச் செல்வர். நற்குடிப் பிறந்து நலிந்தோர் மறைவாக எடுத்துச் செல்வர். எல்லாவற்றினும் தலைப்படி, வீழும் நிலையிலுள்ளவனுக்குக் கடனோ தொழிலோ கூட்டோ அளித்து, அவன் எவரிடத்தும் கையேந்தாதவாறு நிறுத்துவது. இவ்வரிசையில் பெயருக்கு இடமில்லை.

ஆயினும் பெயர் பொறித்த கல்வெட்டுகளும் யூதரிடையே மிகப் பழையவை. எருசலேமில் 1913ஆம் ஆண்டளவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கிரேக்கக் கல்வெட்டு ஒன்று, தியோடோட்டஸ் என்பவர் வேதம் ஓதவும் கற்பிக்கவும் ஒரு ஜெபாலயத்தையும், வெளியூரிலிருந்து வரும் ஏழைகள் தங்க விடுதியையும் நீர் வசதியையும் அமைத்தார் என்று கூறுகிறது. கி.பி. 70இல் நகரம் அழிவதற்கு முற்பட்டது அக்கல். மாறாக, எரிகோவில் கிடைத்த பழைய ஜெபாலயத் தரைச் சித்திரம் கொடையாளர் ஒருவரையும் பெயர் சொல்லாமல், ஊரார் அனைவரையும் சேர்த்து நினைத்து, அவர்கள் பெயரை இறைவன் அறிவான் என்று விட்டுவிடுகிறது. பின்னாளில் பதினாறாம் நூற்றாண்டில் கிராக்கோ நகரத்து மோசஸ் இஸ்ஸெர்லிஸ், தருமம் செய்தவன் தற்பெருமை பேசலாகாது என்று கண்டித்துவிட்டு, ஜெபாலயத்துக்கு ஒரு பொருளை அளித்தவன் நினைவுக்காக அதில் தன் பெயரை எழுதலாம், அது தக்கதே என்று முடிவு கூறினார்.

இவை ஒன்றுக்கொன்று முரணா? இல்லை என்பதே நம் கருத்து. பெறுபவன் ஒரு மனிதனாக இருக்கும்போது கொடுப்பவனின் பெயர் அவன் முகத்தில் அறைகிறது. ஆகவே அங்கு அது மறையவேண்டும். பெறுவது ஒரு பொதுக் கட்டடமாக இருக்கும்போது எவரும் நாணுவதற்கில்லை. அங்குப் பெயர் ஒரு சான்றாக நிற்கிறது. இப்பொருள் இன்னதற்கெனக் கொடுக்கப்பட்டது என்று பின்வரும் தருமகர்த்தர்களுக்கு அது நினைவூட்டும். இதைக் காக்கவேண்டியவர் நீவிர் என்று சந்ததியாருக்கும் சொல்லும். நம் நாட்டில் குழல் விளக்கின் மேல் ‘உபயம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, விளக்கின் ஒளியைப் பாதி மறைத்துவிடுவோரைக் கண்டிருக்கிறோம். பெயர் பயனை மறைக்குமானால் அது செருக்கு. பயனைக் காக்குமானால் அது காவல்.

விளக்கைப் பற்றிச் சொன்னோம். தால்முத்தில் ஒரு விளக்கின் கதை உண்டு. ஷாஅஸ்ராக் என்னும் அராபியர் ஒருவர், யூதரல்லாதவர், யூதா என்னும் அறிஞரின் ஜெபாலயத்துக்கு ஒரு விளக்கை அளித்தார். அங்கிருந்தோருள் ஒருவர் அவ்விளக்கை வேறு பயனுக்கு மாற்றிவிட்டார். அதைக் கண்டு மற்றோர் அறிஞர் சினந்தார். விதி என்னவெனின், பிற சமயத்தான் அளித்த விளக்கையும், அவன் பெயர் மக்கள் மனத்தினின்று மறையும்வரை, வேறொன்றுக்கு மாற்றலாகாது. ‘யூதரின் ஜெபாலயத்துக்கென்றல்லவா கொடுத்தேன்’ என்று அவன் முறையிட இடம் வைக்கலாகாது என்பது காரணம்.

இச்சிறு கதையில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. ஒன்று, பிறர் சமயத்தாரின் இல்லத்துக்கு விளக்களிப்பது பழைய செயல். அதை ஏற்றுக்கொள்வதும் பழைய செயல். தம் ஊர் ஏழைக்கு முதலிடம் என்று வகுத்த அதே சட்டம், அமைதியின் பொருட்டுத் தம் ஏழைகளோடு பிற மக்களின் ஏழைகளையும் சேர்த்துத் தாங்கவேண்டும் என்றும் விதித்தது. மற்றொன்று, கொடை கொடுத்தவன் கையைவிட்டு நீங்கியதும் முடிந்துவிடுவதில்லை. பெற்றவன் கையில்தான் அதன் வாழ்வு தொடங்குகிறது. கொடுத்தவன் அயலானாயினும், எளியவனாயினும், அவன் கருத்தைக் காப்பது பெற்றவன் கடன்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பாக்தாத்திலிருந்து துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த டேவிட் சாசூன் என்பவர் 1832இல் பம்பாயில் குடியேறினார். பைக்குல்லாவில் 1861இல் ஒரு ஜெபாலயம் எழுப்பினார். புனாவில் அவர் தொடங்கிய ஜெபாலயம் 1864இல் அவர் இறந்த பின் 1867இல் நிறைவெய்தியது. அவருடைய கல்லறையும் அதன் வளாகத்திலேயே உள்ளது. அவர் பெயர் தாங்கிய புனா மருத்துவமனை எல்லாச் சாதியாருக்கும் சமயத்தாருக்கும் இன்றும் பயன்படுகிறது. அவருடைய மகன் எலியாஸ் 1880இல் மறைந்தபோது, பேரன் ஜேக்கப் தம் தந்தையின் நினைவாகப் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் 1884இல் ‘கெனஸெத் எலியாஹூ’ என்னும் ஜெபாலயத்தைக் கட்டினார். 2019இல் அது அழகுறச் செப்பனிடப்பட்டது.

ஆனால் இச்செல்வம் எங்கிருந்து வந்தது? பருத்தியிலிருந்தும் நூலிலிருந்தும் வந்தது. சீன நாட்டுக்கு ஏற்றுமதியான அபினியிலிருந்தும் பெருமளவில் வந்தது. இதனை மறைப்பதும் தவறு. ஒரு சமூகத்தின் மேல் மட்டும் சுமத்துவதும் தவறு. அபினி வாணிகத்தில் ஆங்கிலேயர் இருந்தனர், பார்சிகள் இருந்தனர், மார்வாரிகள் இருந்தனர். வங்காளத்தில் அபினியை ஆக்கி விற்றதே ஆங்கில அரசாங்கம்தான். பொருள் ஈட்டியோர் பலர். அழிந்தவரோ சீனத்து எளிய மக்கள். ‘பசுவைக் கொன்று செருப்புத் தானம்’ என்னும் பழமொழி இங்கு நம் நினைவுக்கு வராமற் போகாது.

இதற்கும் அச்சமூகத்தின் நூல்களிலேயே விடையுண்டு. விலைமகளின் கூலியை நேர்த்திக்கடனாக ஆலயத்துக்குக் கொண்டுவரலாகாது என்கிறது உபாகமம். திருடிய குருத்தோலையைக் கொண்டு திருநாள் கடனைக் கழிக்கலாகாது என்கிறது தால்முத். தீமையின் வழியாக வரும் நன்மை நன்மையாகாது என்பது கோட்பாடு. பலரிடம் பறித்தவன், எவரெவரிடம் பறித்தோம் என்று அறியாத நிலையில், அப்பொருளைக் கொண்டு கிணறும் குளமும் போன்ற பொதுப் பணிகளைச் செய்யட்டும் என்றும் தால்முத் வழி காட்டுகிறது. பறிகொடுத்தவனும் ஒருநாள் அந்நீரைப் பருகக்கூடும் அல்லவா? இவ்வளவுகோலை வைத்துப் பார்த்தால், தந்தையின் பெயரால் தம்மவர்க்கென எழுப்பிய ஜெபாலயத்தைவிட, எல்லோருக்கும் திறந்த மருத்துவமனை ஒரு படி மேலானது. ஆயினும் அபினியால் நலிந்த காண்டன் நகரத்துக் கூலியாள் புனா மருத்துவமனையின் வாயிலை எங்ஙனம் அடைவான்? அவனுக்குரிய கடன் தீரவில்லை. கொடை பாவத்தைக் கழுவாது. பின் வந்தோர் செய்யத்தக்கது, கட்டடத்தை வெறுப்பதன்று. அதில் தொழும் எளியவர் குற்றம் செய்தவரல்லர். கொடையாளரின் பெயரைச் சொல்லும்போது செல்வம் வந்த வழியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பாதி நினைவு பொய்யாகும். முழு நினைவே நினைவாகும்.

கல்கத்தாவில் மற்றொரு காட்சியைக் காண்கிறோம். அதே 1884இல் எலியாஸ் எஸ்ரா என்பவர் தம் தந்தை டேவிட் ஜோசப் எஸ்ராவின் நினைவாக ‘மாகென் டேவிட்’ ஜெபாலயத்தைக் கட்டினார். ஒரு காலத்தில் அந்நகரில் சில ஆயிரம் யூதர் வாழ்ந்தனர். இந்திய விடுதலைக்கும் இஸ்ரேல் நாடு தோன்றியதற்கும் பின் இஸ்ரேலுக்கும் இங்கிலாந்துக்கும் பிற நாடுகளுக்கும் அவர்கள் சென்றுவிட்டனர். இன்று எஞ்சியோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். மரபுப்படி கூட்டு வழிபாட்டுக்கு வயது வந்த ஆடவர் பத்துப்பேர் வேண்டும். அப்பத்துப்பேர் கூடுவதே இன்று அரிது. அந்த ஜெபாலயத்தைத் துப்புரவு செய்து காத்து வருவோர் முஸ்லிம்கள். தலைமுறை தலைமுறையாக இப்பணியைச் செய்து வருபவர்கள். 1881இல் யூதப் பெண் குழந்தைகளுக்காக நிறுவப்பட்ட பள்ளியில் இன்று படிப்போரில் மிகப் பலர் முஸ்லிம் சிறுமியரே. பள்ளியின் பெயர் மாறவில்லை; வாயிலும் மூடப்படவில்லை.

அராபியர் ஒருவர் யூதரின் ஜெபாலயத்துக்கு அளித்த விளக்கின் கருத்தை யூத அறிஞர் காத்தார். இங்கு யூதர் ஏற்றிவைத்த விளக்கை முஸ்லிம்கள் காக்கின்றனர். கொடுத்தவரின் குலம் அங்கில்லை. கொடுத்த கருத்து அங்கிருக்கிறது. பெண் பிள்ளைகள் கற்கவேண்டும் என்பதற்காகப் பணம் கொடுக்கப்பட்டது. பெண் பிள்ளைகள் கற்கின்றனர். இதனைக் கொடையின் திரிபு என்பதா? நிறைவு என்றே நாம் கொள்கிறோம்.

ஆகவே, அன்பர்களே, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை இதுவாகும். நினைவுக் கொடை இறந்தவருக்கும் உரியதன்று, கொடுத்தவருக்கும் உரியதன்று; அதைப் பேணுவோருக்கும் அதனால் பயன்பெறுவோருக்கும் உரியது. இறந்தவர் பெயர் அங்கு வாழவேண்டுமாயின், அவர்கள் கையிலேயே வாழவேண்டும்.

ஒரு ஜெபாலயத்தின் நினைவு நிதிக்கோ வேறெந்தச் சமூகத்தின் தரும நிதிக்கோ நாம் கொடுக்க நேரும்போது சிலவற்றை மனத்தில் கொள்வோம். நேர்வழியில் ஈட்டியதை மட்டும் கொடுப்போம். பொறுப்பாளர் யாவர், கணக்கு எங்கே என்று கேட்பதை நாகரிகக் குறைவாகக் கருதாதிருப்போம். தனி மனிதனுக்குச் சேரும் உதவியில் நம் பெயரை மறைப்போம். பிறர் சமயத்தாருக்குக் கொடுக்கும்போது அவர்கள் எதற்கு வேண்டுமென்று கேட்கிறார்களோ அதற்கே கொடுப்போம். நம் விருப்பத்தை அவர்கள் மேல் திணிக்காதிருப்போம். நிதியை நடத்தும் பொறுப்பு நம்மிடம் வருமாயின், நம் சங்கத்துச் சிறு உண்டியலாயினும் சரி, இருவராகச் சென்று வசூலித்து, மூவராக அமர்ந்து பகிர்ந்து, காசை ஒவ்வொன்றாக எண்ணுவோம்.

பளிங்கில் வெட்டிய எழுத்து ஒருநாள் தேயும். பெயருக்கருகில் வைத்த மின்விளக்கும் ஒருநாள் அணையும். அந்நாளில், அக்கொடையால் எழுத்தறிந்த ஒரு சிறுமி தன் பாடத்தை வாசித்துக்கொண்டிருப்பாளாயின், நினைவுக் கொடை தன் கடனைச் செய்துவிட்டது.